எண்ணும் பணமும் – 11: ஐந்து விழுந்தால் எடுத்துக்கொள்ளலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். மல்லி, வத்தல் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மண்டியில் கணக்கு எழுதுகிறவர் இந்தத் தொடரைப் படித்துவிட்டு இதழை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவாராம். அப்படித்தான் அது மகளின் கைக்குப் போயிருக்கிறது. அப்பாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வரை எல்லாம் அதற்குள் இருந்தது.

“சார், பாப்பாவுக்குக் கணக்கு நல்லா வரும். நீங்க எழுதுற அந்த குவான்ட் வேலைக்குத்தான் போவேன்னு பிடிவாதமா இருக்கு. எந்தக் காலேஜ், என்ன படிப்பு, அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்” என்றார்.

நான் கவரை வாங்கவில்லை. டீப்பாயில் பேரன் விட்டுப்போன லூடோ பகடை கிடந்தது. அதை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.

“இதை உருட்டும்மா. எத்தனை விழுதோ அத்தனை ரூபாய் உனக்கு. பிடிக்கலைன்னா இன்னொரு தடவை உருட்டலாம். ஆனா ரெண்டாவது தடவை விழுந்ததை எடுத்தே ஆகணும். இந்த ஆட்டத்தை ஆட என்கிட்ட எவ்வளவு வரைக்கும் காசு கொடுப்ப?”

அவள் பகடையை உருட்டவே இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் போயிருக்கும்.

“ஒரே தடவைன்னா சராசரி மூன்றரை. அப்ப முதல் தடவை ஒண்ணு, ரெண்டு, மூணு விழுந்தா விட்டுடணும், மறுபடி உருட்டினா மூன்றரை கிடைக்கும்ல. நாலு, அஞ்சு, ஆறு விழுந்தா எடுத்துக்கணும். அதோட சராசரி அஞ்சு. பாதி அஞ்சு, பாதி மூன்றரை... நாலேகால் ரூபா சார்.”

அப்பா பட்டென்று சொன்னார்: “அப்ப நாலு ரூபாய்க்குக் கிடைச்சா வாங்கலாம். நாலரைன்னா வேணாம்னு வந்துரணும்.”

மகளுக்குக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது.

இந்தப் பகடைக் கேள்வி என் கண்டுபிடிப்பு இல்லை. உலகம் முழுவதும் குவான்ட் வேலைக்கான, அதாவது நிதிச் சந்தைக்குக் கணிதத்தைக் கொண்டு மாடலும் நிரலும் கட்டும் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்கப்படுவதுதான். விடை 4.25 என்பது அதில் பெரிய விஷயம் இல்லை. கடைசி உருட்டிலிருந்து பின்னோக்கி யோசிக்கத் தோன்றுகிறதா, ‘இப்போது நிறுத்துவதா, தொடர்வதா’ என்பதைத் தொடர்வதன் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. எந்த நாளிலும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ‘அமெரிக்கன் ஆப்ஷன்’ ஒன்றுக்கு வங்கியில் விலை போடும் நிரலும் இதையேதான் செய்கிறது, பகடைக்குப் பதில் பங்கு விலையை வைத்துக்கொண்டு.

ஆப்ஷன் என்று சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. “எங்க அக்கா பையன் அதுலதான் சார் ஏழு லட்சத்த விட்டான். பாப்பா போகப்போறதும் அதே எடம்தானா?”

நியாயமான கேள்வி. பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைக் கூட்டினால் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 2023-24-ல் மட்டும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் செலவுகளுக்கு முந்தைய கணக்கில் சுமார் 33,000 கோடி லாபம் பார்த்தன. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சுமார் 28,000 கோடி. இந்த லாபத்தில் ஏறக்குறைய முழுவதையும் சம்பாதித்தது அல்கோ, அதாவது கணினி நிரல்கள் தாமாகவே வாங்கி விற்கும் வர்த்தகம்.

அந்த நிரல்களை எழுதுகிறவர்கள்தான் குவான்ட்கள். அக்கா பையன் கைப்பேசியில் ஆர்டர் போடும்போது எதிர்ப்பக்கம் இருந்தவர்கள். எதிர்ப்பக்கத்தில் எந்த நேரமும் ஒருவர் வாங்கவோ விற்கவோ தயாராக இருப்பதால்தான் சந்தை நடக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சம்பளத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பது வேலையைத் தேடிப் போகிற பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவள் முன்னாலேயே சொன்னேன். இந்தத் தொழிலில் வேறு இடங்களும் இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், படிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாத அக்ரிமென்ட் போடுகிறோம். விலை ஏறினால் மீதியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்கிறோம். இறங்கினால் அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று விலகிவிடுகிறோம். ஆப்ஷனும் இப்படித்தான். மனையில் அட்வான்ஸ் மொத்த விலையில் கழியும், இங்கே கழியாது. அந்த அட்வான்ஸ் எவ்வளவு இருந்தால் நியாயம் என்பதுதான் கேள்வி.

நூறு ரூபாய் விற்கும் ஒரு பங்கு ஒரு மாதம் கழித்து 120 ஆகும் அல்லது 90 ஆகும், வேறெதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்வோம். வட்டியும் இல்லை. அன்றைக்கு அதை 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமைக்கு இன்று என்ன விலை? விலை ஏறினால் அந்த உரிமைக்கு 20 ரூபாய் பெறும், இறங்கினால் ஒன்றுமில்லை. ‘ஏற எவ்வளவு வாய்ப்பு?’ என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். அப்பாவும் கேட்டார்.

அது தேவையே இல்லை. இப்படிச் செய்து பாருங்கள். 180 ரூபாய் கடன் வாங்குங்கள், கையிலிருந்து 20 ரூபாய் போடுங்கள், 200 ரூபாய்க்கு இரண்டு பங்கு வாங்குங்கள். விலை 120 ஆனால் கையில் 240. கடனைக் கட்டிய பிறகு 60 மிச்சம். விலை 90 ஆனால் கையில் 180. கடனுக்குச் சரியாகப் போய்விடும், மிச்சம் பூஜ்யம். அறுபது அல்லது பூஜ்யம் என்பது மூன்று ஆப்ஷன் கொடுக்கும் பணம். ஆக மூன்று ஆப்ஷனின் விலை நாம் கையிலிருந்து போட்ட அந்த 20 ரூபாய்தான். ஒன்றுக்கு ஆறே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பங்கு ஏறும் என்று அடித்துச் சொல்கிறவருக்கும், இறங்கும் என்று அடித்துச் சொல்கிறவருக்கும் அதே விலைதான்.

இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் வகுப்பெடுக்கும்போது அந்த 20 ரூபாய் கரும்பலகையில் வந்து விழும் இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். இரண்டே கிளை என்பதை ஆயிரம் கிளையாக்கி, ஆயிரத்தைத் தொடர்ந்து அசையும் விலையாக்கினால் வருவது பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் 1973-ல் கொடுத்த சூத்திரம். பிளாக் 1995-ல் இறந்துவிட்டார். மற்ற இருவருக்கும் 1997-ல் நோபல். ஆனால் அந்த ‘தொடர்ந்து அசையும் விலை’யைக் கையாளும் கணிதம் பொருளாதாரத் துறையில் பிறந்ததல்ல. அதன் முதல் வித்து 1900-ல் பாரிஸில் லூயி பாஷெலியே சமர்ப்பித்த ஆய்வேட்டில் இருக்கிறது. அதற்கான நுண்கணிதத்தை 1940-களில் உருவாக்கியவர் ஜப்பானியரான கியோசி இட்டோ. அவர் நிதிச் சந்தையை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை.

அப்பா எதிர்பார்த்து வந்த பதில் ‘ஃபைனான்ஸ்’ என்று பெயரில் உள்ள ஏதாவது ஒரு பட்டம். பி.காம்., பி.பி.ஏ., பிறகு எம்.பி.ஏ. ஃபைனான்ஸ், கூடவே சி.எஃப்.ஏ. இவை எல்லாம் நல்ல படிப்புகள். ஒரு கம்பெனியை எடைபோட, கடன் கொடுக்க, முதலீட்டு ஆலோசனை சொல்ல இவை வேண்டும். நான் சொல்லிக்கொண்டிருக்கும் வேலைக்கு இவை வாசல் இல்லை. இருபது வயதில் நிகழ்தகவை வேர்வரை படித்தவர் நிதிச் சந்தையின் நடைமுறையை ஒரு வருடத்தில் கற்றுக்கொள்வார். நிதியை மட்டும் படித்துவிட்டு முப்பது வயதில் நிகழ்தகவின் அடித்தளமான அளவைக் கோட்பாட்டைத் தொடங்குகிறவர் படும் பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, பட்டே தெரிந்துகொண்டேன். தெற்கத்திச் சீமையில் ஒரு பொறியியல் கல்லூரி, பிறகு எம்.பி.ஏ., பிறகு ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை அலுவலகம் என்று வந்தவன் நான். 29 வயதில், கைக்குழந்தை தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு அளவைக் கோட்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்காருவேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகும். பத்தொன்பது வயதில் ஓர் ஆசிரியரும் நான்கு நண்பர்களும் இருந்திருந்தால் அது மூன்று மணி நேர வேலை.

முதலில் கணிதம், பிறகு நிதி என்ற இந்த வரிசை முக்கியம் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் நிக்கோல் எல் கரூயி. பிரெஞ்சுக் கணிதப் பேராசிரியை, நிகழ்தகவுக்காரர். 1980-களின் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு மாதம் விடுப்பில் ஒரு வங்கிக் குழுமத்தில் வேலை பார்க்கப் போனார். அங்கே சந்தைப் பிரிவில் இருந்தவர்கள் அன்றாடம் புரட்டிக்கொண்டிருந்தது தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த அதே இட்டோ நுண்கணிதம் என்று கண்டார். திரும்பி வந்து 1990-ல், பாரிஸின் பியேர் மேரி கியூரி பல்கலைக்கழகத்தில் சக பேராசிரியர்களோடு சேர்ந்து ‘நிகழ்தகவும் நிதியும்’ என்ற முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். அந்தப் பெயரில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். அதில் சேர்கிற பிரெஞ்சு மாணவர்களில் பலர் பள்ளி முடிந்ததும் இரண்டு, மூன்று வருடம் நுழைவுத் தேர்வுக்காகக் கணிதத்திலேயே ஊறி, பிறகு பொறியியல் உயர்கல்விக் கூடங்களில் மறுபடி கணிதம் படித்து வந்தவர்கள். நிதி என்பது கடைசியில் ஒரே ஒரு வருடம். அப்படி வந்தவர்கள் லண்டன், நியூயார்க், ஹாங்காங் வங்கிகளில் ஆப்ஷன் போன்றவற்றைக் கையாளும் டெரிவேடிவ்ஸ் பிரிவுகளில் நிறைந்தார்கள். இன்றும் அந்தத் துறையில் அந்தப் படிப்புக்கு ‘எல் கரூயி மாஸ்டர்ஸ்’ என்றுதான் பெயர்.

அமெரிக்காவிலும் கதை வேறில்லை. ஈமானுவேல் டெர்மன் துகள் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1985-ல்தான் கோல்ட்மன் சாக்ஸுக்குப் போனார். வடிவக் கணிதத்தில் பெரும் பெயர் எடுத்த ஜிம் சைமன்ஸ் தன் ரெனசான்ஸ் நிறுவனத்துக்கு வால் ஸ்ட்ரீட்டில் பழகியவர்களைத் தேடவில்லை. 1993-ல் அவர் அழைத்துக்கொண்ட பீட்டர் பிரவுனும் ராபர்ட் மெர்சரும் ஐ.பி.எம்.மில் கணினியைக் கொண்டு மொழிபெயர்ப்புச் செய்யப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் 1959-ல் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு ஒரு இளைஞர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். மஹலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம், எல்லோரும் ஐ.எஸ்.ஐ. என்று சொல்வது, அங்கே அவருக்கு இடம் கிடைத்திருந்தது. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்கான புள்ளியியல் படிக்கலாம் என்பதுதான் முதல் எண்ணம். அங்கே இருந்த நண்பர்கள் அவரை நிகழ்தகவின் ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். அவர்களில் கே.ஆர். பார்த்தசாரதியும் வி.எஸ். வரதராஜனும் உண்டு. அவருடைய ஆய்வேட்டைப் பரிசீலித்தவர்களில் நவீன நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்ட ரஷ்யர் கோல்மகோரோவ் ஒருவர். 1963-ல் நியூயார்க்கின் கூரான்ட் கழகத்துக்குப் போன அந்த இளைஞர், எஸ்.ஆர். சீனிவாச வரதன், அங்கேயே பேராசிரியராகி, 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார். இன்று அதே கூரான்டில் நிதிக் கணிதத்துக்கென்று ஒரு முதுநிலைப் படிப்பு நடக்கிறது. கணிதவியலாளர் டேனியல் ஸ்ட்ரூக்கும் வரதனும் சேர்ந்து எழுதியதைத் தொடாமல் அந்தத் துறையின் கோட்பாட்டுப் பக்கத்தில் வெகுதூரம் போக முடியாது.

“புள்ளியியலா? எங்க ஊர்ல அத யாரும் கேட்டதில்லையே சார்” என்றார் அப்பா. அதுதான் எனக்கு ஆற்றாமை. நம் வீடுகளில் கணக்கு நன்றாக வருகிற பிள்ளைக்கு ஜே.இ.இ. தெரியும், அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் தெரியும். ஐ.எஸ்.ஐ.க்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, பி.ஸ்டாட்., பி.மேத். என்று பட்டங்கள் இருக்கின்றன, பல்லாண்டுகளாக அங்கே படிப்புக் கட்டணம் வாங்காமல் மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்துவந்திருக்கிறார்கள் என்பது தெரியாது. சென்னையிலேயே, பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டுக்குள் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கியது. காலையில் ஐ.டி. கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக அதைக் கடந்து போகின்றன. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. ஆனர்ஸ் இருக்கிறது. குவான்ட் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இளநிலைப் படிப்பை என்னால் காட்ட முடியாது. அதற்கும் தனி நுழைவுத் தேர்வுதான். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் கேள்விகள் அங்கே உதவாது. ஏன் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு வருடமாவது முன்கூட்டியே பழக வேண்டும்.

ஐ.ஐ.டி. கிடைத்தால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய வர்த்தக நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு முதலில் போவது அங்கேதான், அது நிஜம். கிடைத்தால் ‘கணிதமும் கணினியும்’ என்ற பிரிவு, அல்லது கணினி அறிவியல். வேறு பொறியியல் பிரிவு கிடைத்தாலும் குறையில்லை, கணிதத் துறையின் விருப்பப் பாடங்களை விடாமல் எடுத்தால் போதும். சென்னை ஐ.ஐ.டி.யில் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸில் இரட்டைப் பட்டமாக முடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எம்.எஸ்ஸி. பயன்பாட்டுக் கணிதம் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு நல்ல பாதையாக இருந்திருக்கிறது. மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றின் புள்ளியியல் துறைகளும் பழையவை, பலமானவை.

இது எதுவுமே கிடைக்காமல் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம்தான் என்றால்? கதவு மூடிவிடவில்லை. இதை ஒப்புக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. பட்டம் முடித்த பிறகு ஐ.எஸ்.ஐ.யின் எம்.ஸ்டாட்., சென்னைக் கணிதவியல் கழகத்தின் எம்.எஸ்ஸி., ஐ.ஐ.டி.களுக்கான ஜாம் தேர்வு என்று இன்னொரு வரிசை வாசல்கள் திறக்கின்றன. இடைப்பட்ட மூன்று வருடத்தை எப்படிக் கழித்தோம் என்பதுதான் கேள்வி. என்.பி.டெல்.லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், வாய்ப்பியல் செயல்முறைகள் பாடங்கள் பார்க்கக் காசில்லை. பைத்தான் படிக்கக் காசில்லை. பிறகு சி பிளஸ் பிளஸ், அதற்கும் இல்லை. அந்தப் பாடங்களின் பயிற்சிக் கணக்குகளை ஒவ்வொரு வாரமும் தாளில் போட வேண்டும். காணொளி பார்ப்பது படிப்பாகாது. எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்த மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று, திருவண்ணாமலைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்து ஜாம் எழுதி வந்த பெண்.

வணிகவியல் குரூப் எடுத்த பிள்ளைகள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்திருக்கிறோம், போதுமா என்று. உண்மையைச் சொல்வதென்றால் போதாது. கணிதம் இருக்கும் குரூப் எடுத்தவரைவிட உங்களுக்குப் பாதை நீளம். பொருளாதாரம் வழியாக எகனோமெட்ரிக்ஸுக்கு வந்து சேரலாம். அல்லது காப்பீட்டுத் துறையின் ஆக்சுவரி தேர்வுகள் வழியாக வரலாம். அதுவும் நிகழ்தகவில் நிற்கிற, மரியாதையான தொழில்.

இனி வேலை. குவான்ட் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் உள்ளே வெவ்வேறு பிழைப்பு. வங்கிகளில் டெரிவேடிவ்ஸுக்கு விலை போடும் மாடல் கட்டுகிறவர்களுக்கு இட்டோ நுண்கணிதமும் சி பிளஸ் பிளஸும் சோறு. ஹெட்ஜ் ஃபண்டுகளில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் புள்ளியியல்காரர்கள். பழைய தரவில் அழகாகத் தெரிகிற ஒரு போக்கு நிஜமா, கண்ணின் மயக்கமா என்று பிரித்தறிவதே அவர்கள் வாழ்க்கை. அங்கே டாக்டர் பட்டத்துக்கு மதிப்பு அதிகம். சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் இளநிலை முடித்த கையோடு எடுக்கும், பகடைக் கேள்வி கேட்டு.

நான்காவது வகைதான் என் வகை. மற்றவர் கட்டிய மாடலில் எங்கே ஓட்டை என்று பார்ப்பது, மாடல் வேலிடேஷன். 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2011 ஏப்ரலில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. வங்கி பயன்படுத்தும் ஒவ்வொரு மாடலையும் அதைக் கட்டாத ஒருவர் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சோதனை வேலையில் பெரும்பங்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு இந்தத் துறையில் முதல் வேலை இதுதான். சம்பளம் வர்த்தக நிறுவனங்களின் அளவுக்கு இராது. ஆனால் இரவு தூக்கம் வரும்.

அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2012-ல் ஜே.பி. மார்கனின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் வந்தது. ‘லண்டன் திமிங்கலம்’ என்று பத்திரிகைகள் எழுதிய விவகாரம். அடுத்த ஆண்டு ஜனவரியில் வங்கியே வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி என்னை உலுக்கியது. ரிஸ்க் கணக்கிடும் எக்செல் தாளில், பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை சராசரியைப் போல் இரு மடங்கு. விளைவு, சந்தையின் ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது. நஷ்டத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்தைக் காட்டும் முள் தாழ்ந்து காட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புச் சராசரி! இதைப் பிடிக்கத் தேவைப்படுவது டாக்டர் பட்டம் இல்லை, இன்னொருவர் போட்ட கணக்கை முதல் வரியிலிருந்து தானே போட்டுப் பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கொடுக்கிற கல்லூரியே நல்ல கல்லூரி.

வெளிநாட்டு முதுநிலைப் படிப்பைப் பற்றி அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். மண்டியை அடமானம் வைக்கலாமா என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம். கார்னகி மெலன் 1990-களிலேயே தொடங்கிவிட்டது. பிரின்ஸ்டன், கொலம்பியா, பெர்க்லி என்று அமெரிக்காவில் பெயர்பெற்ற படிப்புகள் பல. கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் பெரும்பாலானவை அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரூக் கல்லூரி அவற்றில் மலிவு. வேலை கிடைப்பதில் பெரிய பெயர்களோடு சரிக்குச் சரி நிற்கிறது. படித்து முடித்ததும் அறிவியல் தொழில்நுட்பப் பட்டம் என்ற கணக்கில் மூன்று வருடம் வரை வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு எச்-1பி குலுக்கல், அது நம் கையில் இல்லை. லண்டனில் இம்பீரியல், கேம்பிரிட்ஜின் கணித ‘பார்ட் த்ரீ’, சுவிட்சர்லாந்தில் ஜூரிக்கின் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு, பாரிஸில் நான் சொன்னது. ஜூரிக்கிலும் பாரிஸிலும் அமெரிக்காவோடு ஒப்பிடக் கட்டணம் மிகக் குறைவு. பாரிஸுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்.

“கடன் வாங்க வேணாம்” என்று சொல்லிவிட்டேன். இந்த முதுநிலைப் படிப்புகள் எல்லாம் கடைசி ஒரு வருட மெருகு. அடியில் கணிதம் இல்லாமல் அரைக் கோடி கொடுத்துப் போகிறவர்கள் அங்கே எல் கரூயியின் மாணவர்களோடு ஒரே வரிசையில் நேர்முகத் தேர்வுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே நல்ல இளநிலை முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, அந்த வேலையே பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு போகட்டும். டாக்டர் பட்டமா என்பதையும் அப்போது யோசிக்கலாம். சம்பளத்துக்காக ஐந்து வருட ஆராய்ச்சியில் இறங்காதே, ஒரு கேள்வி தூங்கவிடாமல் செய்தால் மட்டும் போ என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தலையாட்டினாள். பகடை இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

பிளாஸ்டிக் கவரைக் கடைசிவரை திறக்கவில்லை. சிறுசேரிக்கும் ஐ.எஸ்.ஐ.க்கும் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கும், பொதுத் தேர்வுக்குப் பிறகு தொடங்கலாம் என்று இராமல் இப்போதே வாரம் நான்கு கணக்கு போடு, முழு நாள் ஆனாலும் விடையைப் பார்க்காதே என்றேன். கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், பகடையை மூன்று தடவை வரை உருட்டலாம் என்றால் ஆட்டத்தின் மதிப்பு என்ன?

மறுநாள் காலை அப்பாவின் வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு படம் வந்தது. மண்டியின் பில் தாள், பின்பக்கம், நீல மை. பேருந்தில் எழுதியிருக்க வேண்டும், எழுத்து ஆடியிருந்தது. மூன்று தடவைக்கு 4.67 என்று போட்டிருந்தாள், சரி. அதோடு நிறுத்தவில்லை. நான்குக்கு 4.94. ஐந்துக்கு 5.13. அதன் கீழே இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தாள்:

“சார், ஆறு தடவை உருட்டலாம்னா, முதல் தடவை 5 விழுந்தாலும் எடுக்கக் கூடாது. மீதி அஞ்சு தடவையோட மதிப்பு 5.13. அஞ்சை விட அது ஜாஸ்தி. சரியா சார்?”

(தொடரும்)